பழக்கிய பானை

மாமு,

சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவிவிட்டேன், இன்னும் விரலில் எலுமிச்சை இலை வாசம் போகவில்லை. ஒரே ஒரு இலையைத்தான் கசக்கினேன். வேண்டுமென்று கசக்கவில்லை. பயத்தில் கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. உன் வீட்டுப் பின்பக்கம், காம்பவுண்டு சுவருக்கும் துவைக்கிற கல்லுக்கும் நடுவே நீ தோட்டம் என்று சொல்லிக்கொண்டிருந்த அந்த எட்டடி மணலில் நின்று கசக்கினேன். அங்கிருந்து நேராகக் கடைக்கு வந்து, ஷட்டரைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மீன் சாப்பாட்டுக்கு வந்தவர்கள் தட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். போகட்டும்.

நீ போய்ப் பதினொரு மாதம் ஆகிறது. இந்தப் பதினொரு மாதமும் உன் வீட்டுக்காரம்மாவிடம் ஒரு விஷயத்தை மறைத்தே காலம் தள்ளினேன். அதற்கு முன்னால் உன்னிடமும் மறைத்தேன். இன்று காலை அவளிடம் சொல்லிவிட்டேன். உன்னிடமும் சொல்லிவிட வேண்டும். ஆனால் நடந்ததை நடந்தபடி முதலிலிருந்து சொன்னால்தான் எனக்கு வாய் வரும். நான் எப்படிப்பட்டவன் என்று உனக்குத் தெரியும். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறவன். ஆலை கேன்டீனில் சமைக்கும்போது சாம்பாருக்கு உப்புப் போட்டேனா என்று மூன்று தடவை நக்கிப் பார்த்து, கடைசியில் நாக்கு மரத்துப் போய் உன்னைக் கூப்பிட்டு நக்கச் சொல்கிறவன். அப்படிப்பட்ட என்னிடம் செடிகளை ஒப்படைத்துவிட்டு நீ ஆஸ்பத்திரிக்குப் போனாய். உன் வாழ்க்கையில் நீ செய்த ஒரே முட்டாள்தனம் அதுதான்.

நீ முதல் பானையைப் புதைத்த அன்று நான் சிரித்த சிரிப்பு உனக்கு நினைவிருக்கும். நாம் இரண்டு பேரும் ஆலையிலிருந்து ஓய்வு பெற்ற வருஷம் அது. நான் மீன் சாப்பாட்டுக் கடை போட்டேன். முப்பது வருஷம் பைப் ஃபிட்டராக இருந்த நீ, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மணலில் குழி தோண்டிக்கொண்டிருந்தாய். பக்கத்தில் வாய் குறுகிய ஒரு மண்பானை.

"இன்னா மாமு, ஊரே புதையலத் தோண்டி எடுக்குது, நீ பொதைக்கிற?"

"சிரிச்சிக்கோ நைனா. மேல ஊத்தினா இந்த மணல் மொத்தத்தயும் குடிச்சிடுது. செடிக்கு ஒண்ணும் வெக்க மாட்டேங்குது. இத்தப் பொதச்சி ரொப்பி வெச்சேன்னா, வேரு எவ்ளோ கேக்குதோ அவ்ளோதான் கசியும்."

"அடியில ஓட்டை போட்டியா?"

"ஓட்ட எதுக்கு? பானையே ஓட்டதான். உன் கண்ணுக்குத் தெரியாது."

கழுத்து மட்டும் வெளியே தெரிகிற மாதிரி புதைத்தாய். கொசு முட்டை போடாமல் இருக்க மேலே ஒரு மண் மூடி, மூடி பறக்காமல் இருக்க ஒரு கருங்கல். நம்ம பக்கம் நிலத்தடித் தண்ணீர் உப்பு. போர்வெல்லில் வருவதை ஊற்றினால் இலை ஓரமெல்லாம் கருகும். தெருக்குழாயில் வரும் நல்ல தண்ணீரைத்தான் குடம் குடமாகத் தூக்கி வந்து பானையை நிரப்புவாய். "மீஞ்சூராண்ட கடலையே வடிகட்டி அனுப்புறான், அந்தத் தண்ணியப் போயி மணல்ல கொட்டறதா?" என்பாய். கத்தரிக்கு ஒன்று, பாகலுக்கு ஒன்று, கறிவேப்பிலைக்கு ஒன்று, எலுமிச்சைக்குப் பெரியது ஒன்று. சாயங்காலம் அந்தக் கல்லில் உட்கார்ந்து, எண்ணூர் அனல்மின் நிலையப் பக்கமிருந்து வந்து படியும் கரியைப் பழைய பனியன் துணியால் இலை இலையாகத் துடைப்பாய். ஒருநாள் துடைத்துக்கொண்டே சொன்னாய், "முப்பது வருசமா கசியிற பைப்ப அடச்சிகினே இருந்தேன். இப்ப நானே கசிய வுட்டுட்டு குந்திகினு பாக்குறேன். இன்னா சுகம் தெரியுமா!"

எனக்கு அந்தச் சுகம் புரிந்ததே இல்லை. மண்சட்டி ஒழுகினால் எனக்கு மானம் போகிற மாதிரி.

பானையோடு நீ விடவில்லை. வேலை பார்த்த புத்தி உனக்கு. தினமும் காலையில் மூடியைத் திறந்து, கழுத்திலிருந்து தண்ணீர் எத்தனை விரல் இறங்கியிருக்கிறது என்று விரலை வைத்து அளந்து, சன்ஷேடுக்கு அடியில் சுவரில் சாக்பீஸால் எழுதி வைப்பாய். நாலு செடிக்கு நாலு வரிசை. ரெண்டரை, மூணேகால், ரெண்டு என்று ஆலையில் பாய்லர் பக்கம் மணிக்கொரு தடவை ரீடிங் எழுதுவது மாதிரி. நான் கிண்டல் செய்தால், "எறங்கினாத்தான் நைனா செடி குடிக்குதுன்னு அர்த்தம். எறங்கலன்னா ஏதோ கோளாறு. நம்பருதான் நமக்கு நாடி" என்பாய்.

ரீடிங் விஷயத்தில் உனக்கு விளையாட்டே கிடையாது. ஒருநாள் ஷிஃப்டில் ஒருத்தன் மீட்டரைப் பார்க்காமலேயே போன மணிக்கு என்ன இருந்ததோ அதையே எழுதி வைத்துவிட்டான். அடுத்த ஷிஃப்டுக்காரன் அதை நம்பி வால்வைத் திறந்து, ஆவியில் வெந்த கையோடு கேன்டீன் வழியாகத்தான் ஓடினான். அவன் கையில் முதலில் தண்ணீர் ஊற்றியது நான். அதற்குப் பிறகு, எழுதினவன் நீட்டிய டீயைக்கூட நீ வாங்கவில்லை. "தப்பு பண்ணலாம், ஒத்துக்கலாம். பாக்காம எழுதறவன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்று என் அடுப்பு முன்னால் நின்று சொன்னாய். சொன்னபடியே இருந்தாய், அவன் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகும்வரை. இதை நான் மறக்கவே இல்லை. என் பயமெல்லாம் இதில்தான் ஆரம்பிக்கிறது.

போன வருஷம் கத்திரி வெயில் தொடங்குகிற நேரத்தில் உனக்கு நெஞ்சு வலி வந்தது. ஆபரேஷன் என்றார்கள். உன் கூடவே உன் வீட்டுக்காரம்மாவும் ஆஸ்பத்திரியில் தங்கிவிட்டாள். மகள் மீஞ்சூரில் கைக்குழந்தையோடு இருந்தாள். வீட்டுச் சாவியை என் கையில் கொடுத்தபோது உன் உடம்பைப் பற்றி நீ ஒரு வார்த்தை பேசவில்லை. "எலுமிச்ச மொத தடவ பூ வெச்சி கீது நைனா. அஞ்சு வருசமா டபாய்ச்சிகினே இருந்துச்சி. இப்ப தண்ணி தப்பிச்சின்னா பிஞ்சு கொட்டிடும். டெய்லி ரொப்பு, டெய்லி எழுது" என்றாய்.

முதல் பத்து நாள் நான் தங்கமாகத்தான் இருந்தேன். காலையில் அளப்பேன், எழுதுவேன், பானை நிரப்புவேன். மத்தியானம் கடை. சாயங்காலம் ஐந்து மணிக்குப் பார்வையாளர் நேரம். தூக்குவாளியில் உப்பில்லாத கஞ்சியோ மிளகு ரசமோ எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்துவிடுவேன். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்திருந்தது. நீ தலையணையில் சாய்ந்தபடி என்னைப் பார்த்ததும் கேட்கிற முதல் கேள்வி, "லெமன் எவ்ளோ?" பக்கத்துக் கட்டில்காரர் நாம் ஏதோ வியாபாரம் செய்கிறோம் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

பதினோராம் நாள் காலை துவைக்கிற கல் பக்கம் கால் வழுக்கியது. தோளில் நிறை குடம், எவர்சில்வர். நான் விழவில்லை, குடம் விழுந்தது. எலுமிச்சைப் பானையின் கழுத்தில் போய் இடித்தது. 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கழுத்திலிருந்து அடிவரை விரிசல். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே இருந்த தண்ணீரை மணல் இழுத்துக்கொண்டது.

மண்ணைத் தோண்டிப் பார்த்தால், பானையைச் சுற்றி எலுமிச்சை வேர் மெல்லிய நூல் நூலாகப் பின்னிக் கிடக்கிறது. உடைந்த பானையை எடுக்க வேண்டுமென்றால் அதை அறுக்க வேண்டும். அறுத்தேன். பிறகு ஓடிப் போய் அதே அளவில் ஒரு புதுப் பானை வாங்கி வந்தேன். இங்கேதான் நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். நீ சிரித்தால் சிரித்துக்கொள்.

புதுச் சட்டி, புதுப் பானை என்று எது கைக்கு வந்தாலும் எனக்கு ஒரு வழிதான் தெரியும். தண்ணீரில் ஊறப் போட்டேன். காயவைத்து, உள்ளேயும் வெளியேயும் நல்லெண்ணெய் தடவினேன். அரிசி கழுவிய தண்ணீரும் கஞ்சியும் ஊற்றி, கடை அடுப்பில் சின்னத் தீயில் கொதிக்கவிட்டேன். ஆறவைத்து மறுபடியும் எண்ணெய் தடவினேன். மீன் குழம்புச் சட்டியைப் பழக்குகிற மாதிரி, அவசரத்துக்கு ஒரே நாளில், ஆனால் ஒரு வேலையும் குறைக்காமல் பழக்கினேன். யோசித்துச் செய்யவில்லை. கை செய்தது. அடுத்த நாள் அதைப் புதைத்து வாய்வரை நிரப்பிவிட்டு, மாமு வந்து பார்த்தால் புதுப் பானை என்றே தெரியாது என்று எனக்கு நானே தைரியம் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலை மூடியைத் திறந்தேன். தண்ணீர் கழுத்திலேயே நின்றது. ஒரு விரல்கூட இறங்கவில்லை. மத்த பானைகளெல்லாம் எப்போதும்போல் இறங்கியிருந்தன. வேரை அறுத்துவிட்டோமே, அதனால் செடி இன்னும் குடிக்க ஆரம்பிக்கவில்லை என்று நினைத்தேன். சுவருக்கு முன்னால் சாக்பீஸோடு நின்றேன். இறங்கவில்லை என்று எழுதினால் நீ ஏன் என்று கேட்பாய். ஏன் என்று கேட்டால் பானை உடைந்ததைச் சொல்ல வேண்டும். உனக்கு டென்ஷன் ஆகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று ஒரு சாக்கு கிடைத்தது. 'மூணு' என்று எழுதினேன். எழுதிவிட்டுப் பக்கத்தில் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். எட்டடி மணலில் என்னைத் தவிர யார் இருக்கப் போகிறார்கள்?

அன்று ஐந்து மணிக்கு நான் வரவில்லை. உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு மூணு என்று சொல்ல என்னால் முடியாது. கடையில் கூட்டம் என்று போனில் சொன்னேன். "லெமன் எவ்ளோ?" என்றாய். "மூணு மாமு." "சூப்பரு. குடிக்குது," என்றாய். அடுத்த நாளும் வரவில்லை. அதற்கடுத்த நாள் "சரி, வேலயப் பாரு, செவுத்த ஒரு போட்டோ புட்ச்சி அனுப்பு" என்றாய். அனுப்பினேன். தினமும் அனுப்பினேன். மத்த மூன்று வரிசையும் அளந்து எழுதியது. எலுமிச்சைக்கு மட்டும் மூணு, மூணு, மூணு.

செடி சுருண்டுகொண்டே வந்தது. இலை படகு மாதிரி மடங்கியது. பட்டாணி அளவில் இருந்த பிஞ்சுகள் காலையில் போனால் கீழே கிடந்தன. பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வேன், அங்கே விட்டு வைக்கப் பயம். மேலே இரண்டு குடம் ஊற்றிப் பார்த்தேன். பத்து மணி வெயிலுக்குள் மணல் காய்ந்தது. பக்கத்திலேயே ஒரு பானை நிறையத் தண்ணீர் இருக்கிறது, செடி தாகத்தில் சாகிறது. அப்போதும் எனக்குப் புரியவில்லை. என் பானை ஒழுகாமல் நிற்பதில் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம் ஒருநாள் மத்தியானம் நீயே போன் செய்தாய். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது, ஆனால் சிரிப்பு அப்படியே இருந்தது.

"நைனா, நான் வந்ததும் இன்னும் ரெண்டு பானை பொதைக்கணும். நீ வாங்கி வெய்யி. ஆனா உன் சமையக்கார புத்தியக் காட்டிடாத, இன்னா? எண்ண கிண்ண தடவி, கஞ்சி ஊத்தி வெச்சன்னா பொடித் துளையெல்லாம் அடச்சிக்கும். அப்பால அது பான இல்ல, வெறும் குடம். பச்சப் பானையாவே வெய்யி."

அடுப்பில் இருந்த மீன் குழம்பைப் பார்த்தேன், சட்டியைப் பார்த்தேன், என் கையைப் பார்த்தேன். "சரி மாமு" என்று மட்டும் சொன்னேன். "திங்கக்கெழம வூட்டுக்கு அனுப்புறேன்னு சொல்லிக் கீறாங்கோ" என்றாய். "சரி மாமு" என்றேன் மறுபடியும்.

வாடிக்கையாளர்களை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். பழக்கிய பானையைத் தோண்டி எடுத்துவிட்டு, எண்ணெய் படாத பச்சைப் பானை ஒன்று வாங்கிவந்து புதைத்தேன். அடுத்த நாளே தண்ணீர் ஒரு விரல் இறங்கியது. ஆனால் இலையெல்லாம் கொட்டிவிட்டது. குச்சியை நகத்தால் கீறினேன், உள்ளே பச்சை இல்லை, மரக்கலர். திங்கட்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது. பார்க்காமல் எழுதினவன் மூஞ்சியில் முழிக்க மாட்டேன் என்று நீ சொன்னது காதில் ஓடிக்கொண்டே இருந்தது. நாற்பது வருஷத்து தோஸ்து, ஒரு செடிக்காகவும் ஒரு நம்பருக்காகவும் போய்விடும் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. சனிக்கிழமை காலை மாதவரம் பக்கம் ஒரு நர்சரிக்குப் போய், உன் செடியின் உயரத்திலேயே ஒரு எலுமிச்சை தேடினேன். கிளை பிரிகிற இடம்கூட ஒத்துப்போக வேண்டும் என்று ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கொண்டுவந்து அதே இடத்தில் நட்டேன். உன் செடியைச் சாக்கில் சுற்றிக் குப்பைத் தொட்டியில் போட்டேன். புதுச் செடியின் இலைகள் கரி படியாமல் பளபளவென்று இருந்தன. அது காட்டிக் கொடுத்துவிடுமே என்று அடுப்புக் கரியைத் தூளாக்கி இலைமேல் தூவினேன். எந்தத் திருடனாவது இவ்வளவு வேலை செய்திருப்பானா?

ஞாயிறு காலை உன் வீட்டுக்காரம்மா போன் செய்தாள். "போயிட்டார்ண்ணா" என்றாள். விடியும்போது மூச்சு வாங்கியதாம், டாக்டர்கள் வந்தார்களாம், அவ்வளவுதானாம்.

இதை எழுதக் கை வரவில்லை. ஆனால் இதற்காகத்தான் இந்த மடலே. அந்த வார்த்தை காதில் விழுந்ததும் எனக்குள் முதலில் வந்தது துக்கம் இல்லை மாமு. நிம்மதி. இனிமேல் அவன் வந்து செடியைப் பார்க்க மாட்டான் என்கிற நிம்மதி. ஒரு நொடிதான் இருக்கும். ஆனால் அதுதான் முதலில் வந்தது. அந்த நொடியை இத்தனை மாதமாக நான் யாரிடமும் சொல்லவில்லை, எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

உன்னைக் கிடத்தியிருந்தபோது எல்லோரும் அழுதார்கள். நான் அழவில்லை. பின்பக்கக் கதவை மறைத்துக்கொண்டு நின்றேன். கை கழுவ, கால் கழுவ என்று யார் தோட்டத்துப் பக்கம் போனாலும் என் கண் அவர்கள் பின்னாலேயே போனது. தைரியமான மனுஷன், தாங்கிக்கொண்டு நிற்கிறான் என்று ஆலைக்காரர்கள் என்னைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள்.

புது எலுமிச்சை நன்றாக வந்துவிட்டது. அது ஒட்டுச் செடி, சீக்கிரமே காய்க்கிற ஜாதி. உன் வீட்டுக்காரம்மா உன்னை மாதிரியே காலையில் பானை நிரப்புகிறாள். "அவரு கையால வெச்சது" என்று தெருவில் எல்லோருக்கும் பழம் கொடுத்தாள். எனக்கும் ஊறுகாய் போட்டுக் கொடுத்தாள். சாப்பிட முடியவில்லை, கடையில் வைத்தேன், வந்தவர்கள் நன்றாயிருக்கிறது என்று கேட்டுக் கேட்டு வாங்கித் தின்றார்கள். அவள் வீட்டுப் பக்கம் போகும்போதெல்லாம், இன்றைக்குக் கண்டுபிடித்திருப்பாள் என்றே போவேன். கண்டுபிடிக்கவில்லை என்று தெரிந்ததும் இன்னும் பயமாக இருக்கும்.

போன வாரம் சொன்னாள், "ஞாயித்துக்கெழம பொண்ணு வருதுண்ணா. அப்பா மரத்துல ஒரு பதியன் போட்டு அவ வூட்டுக்கு எடுத்துகினு போவணுமாம். நீ வந்து கிளையப் புட்ச்சிக்கோ." ஏழு நாள் நான் தூங்கினேனா என்று எனக்கே தெரியாது. பதியன் போட்டால் அது மீஞ்சூரில் வேர் விடும். பேரப்பிள்ளை அதைத் தாத்தா மரம் என்று சொல்லி வளரும். என் பொய் அந்தக் குழந்தை வரைக்கும் போகும்.

இன்று காலை போனேன். உன் மகள் போனில் வீடியோ பார்த்துத் தயாராக இருந்தாள். கத்தி, தேங்காய் நார், பாலித்தீன் எல்லாம் கல்லின் மேல் பரப்பி வைத்திருந்தாள். நான் கிளையைப் பிடித்தேன். அவள் பட்டையில் கத்தியை வைத்தாள். அப்போதுதான் அந்த இலையைக் கசக்கினேன்.

"வேணாம்மா" என்றேன். "இது உங்கப்பா வெச்சது இல்ல."

அவள் கத்தியை எடுக்கவில்லை. "இன்னா மாமா சொல்றீங்கோ?"

"உங்கப்பா வெச்சது செத்துப்போச்சி. நான்தான் சாவடிச்சேன். இது நான் வாங்கியாந்து வெச்சது."

பானை உடைந்தது, பழக்கியது, மூணு என்று எழுதியது, கரி தூவியது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். மகள் கடைசிவரை கேட்கவில்லை. கத்தியைக் கல்லின் மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் கிளம்பும்வரை வெளியே வரவே இல்லை. அவள் கோபம் நியாயம். அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

உன் வீட்டுக்காரம்மா துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தாள். எண்ணெய் தடவியதைச் சொன்னபோது அவளுக்கு முகம் ஒரு மாதிரி போனது, சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. "நானா இருந்தாலும் அத்ததான்ணா செஞ்சிருப்பேன். புதுப் பானைய எவ பழக்காம தண்ணி ஊத்துவா?" என்றாள். பிறகு மணலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"மூணு மூணுன்னு எழுதினது அவருக்குத் தெரியும்ண்ணா."

பிடித்திருந்த கிளையை விட்டுவிட்டேன்.

"நீ அனுப்பின போட்டோவப் பெருசு பண்ணிப் பாத்துட்டு எங்கிட்ட காட்டினாரு. மத்த பானைங்க ரெண்டு, மூணேகால்னு மாறிகினே கீது, இது மட்டும் நவுராம நிக்குது பாரு, பாக்காம எழுதி கீறான் கய்தேன்னாரு. சத்தம் போடுவாருன்னு நெனச்சேன். சிரிச்சாரு. பானைய ஒடச்சிருப்பான், புதுசு வாங்கிப் பழக்கி வெச்சிருப்பான், அதான் எறங்கல, அவன் மெர்சலாயி கீறான், நீ ஒண்ணும் கேட்டு வெக்காத, நான் வேற மாதிரி சொல்லிக்கிறேன்னாரு. அப்பால உனுக்குப் போன் போட்டாரு. வந்து பாத்தா செடி நல்லாத்தான் இருந்துச்சி. சரி, சொன்னதக் கேட்டு நீ சரி பண்ணிட்டன்னு நானும் வுட்டுட்டேன்."

நீ புதுப் பானை இரண்டு வாங்கச் சொன்னது பானைக்காக இல்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. படுக்கையில் கிடந்துகொண்டு, ஒரு போட்டோவைப் பார்த்து, எந்தப் பானையில் என்ன அடைப்பு என்று கண்டுபிடித்தாய். அது உன் தொழில், அதில் எனக்கு ஆச்சரியமில்லை. பார்க்காமல் எழுதியவனிடம் நீ சிரித்துக்கொண்டே பேசினாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஆலையில் பொய் ரீடிங் எழுதினவனுக்குக் கிடைக்காதது எனக்கு எப்படிக் கிடைத்தது?

நான் வாசல் பக்கம் திரும்பினேன். போய்விடலாம் என்று நினைத்தேன். அவள் இன்னும் முடிக்கவில்லை.

"செடிக்கு அவரு ஒண்ணும் வருத்தப்படலண்ணா. அஞ்சு மணியானா வாசலத்தான் பாத்துகினே இருப்பாரு. யாராவது தூக்குவாளி எடுத்துகினு உள்ள வந்தா தலையத் தூக்கிப் பாப்பாரு. அப்பால படுத்துப்பாரு. கடைசி வாரம் பூரா அப்டித்தான். இன்னிக்கும் வரலியான்னு ஒரு வார்த்த கேட்டது கெடையாது."

அவள் குற்றம் சொல்கிற மாதிரி சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிற மாதிரித்தான் சொன்னாள். நான் மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உனக்காக நான் அழுதது இன்றுதான் மாமு. பதினொரு மாதம் கழித்து, உன் வீட்டுப் பின்பக்கம், அறுபத்தைந்து வயதில், சத்தமாக. அதுவரைக்கும் எனக்குப் பயப்படவே நேரம் சரியாக இருந்தது. நீ இல்லை என்பதை நினைத்துப் பார்க்க ஒரு நாளும் மிச்சமில்லை. அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், குடித்தேன், மறுபடியும் அழுதேன்.

உன்மேல் எனக்குக் கோபமும் இருக்கிறது. நீ வாயைத் திறந்து ஒரு தடவை திட்டியிருக்கலாம். "கய்தே, பானைய ஒடச்சியா?" என்று போனில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்று சாயங்காலமே வந்து நின்றிருப்பேன். எனக்குப் பயம் என்று தெரிந்து என்னை விட்டுப் பிடித்தாய். எனக்கு அது போதாது. என்னை இழுத்துப் பிடிக்க வேண்டும். நாற்பது வருஷம் பழகியும் உனக்கு இது தெரியவில்லையே.

ஆனால் நியாயமாகப் பார்த்தால் நீ ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. கட்டிலில் கிடந்தவன் நீ. எழுந்து வர முடிந்தவன் நான்.

தினமும் சாயங்காலம் கடையைக் கழுவிவிடுகிற நேரத்துக்கு எனக்கு ஒரு படபடப்பு வரும். எங்கேயோ போக வேண்டியவன் போகாமல் நிற்கிற மாதிரி. எலுமிச்சைப் பயம்தான் என்று இத்தனை மாதமும் நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று எல்லாவற்றையும் சொல்லித் தீர்த்துவிட்டேன், இனிமேல் வராது என்றுதான் ஷட்டரைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். எழுதி எழுதி மணி ஐந்து ஆகப் போகிறது. இன்றும் வருகிறது மாமு. ஆஸ்பத்திரிக்கு ஒரே பஸ்தான், ஏறினால் முக்கால் மணி நேரம். நான் வந்திருக்கலாம்.